சும்மா ஒரு பார்வைக்கு எத்தனை நாள்?

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இனி வரப்போகும் 200 பக்கப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் திருத்திச் செப்பனிட எட்டு நாள் கேட்டிருப்பதாகவும், அது போதும்தானே என்றும் எழுதியிருந்தாய். போதாது என்று அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத முடியாமல் போனதற்குக் காரணமே அப்படியொரு கையேடுதான்.

இயந்திரம் ஒன்றின் 160 பக்கக் கையேடு அது. முதல் பத்துப் பக்கங்களைத் திருத்திப் பார்த்தேன். மணிக்கு ஆறு பக்கம் ஓடியது. மொத்தம் 27 மணி நேரம், நாளுக்கு எட்டு மணி என்றால் நான்கு நாள் என்று கணக்கிட்டு ஒப்புக்கொண்டேன். முன்னுரையை எழுதத் தெரிந்த ஒருவர் எழுதியிருந்தார். முப்பதாம் பக்கத்துக்குப் பிறகோ வெவ்வேறு பொறியாளர்கள் ஆளுக்கோர் அத்தியாயம் எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் வால்வு என்று இருந்தது இன்னோரிடத்தில் அடைப்பான் ஆகி, வேறோரிடத்தில் திறப்பான் ஆகியிருந்தது. மணிக்கு இரண்டு பக்கம் நகர்ந்தாலே அதிகம். முதல் முப்பது பக்கத்துக்கு 5 மணி நேரமும் மீதி 130 பக்கத்துக்கு 65 மணி நேரமும் ஆயின. கூர்ந்த கவனத்தோடு ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்னால் திருத்த முடியவில்லை. ஆக, 14 வேலைநாள். எழுதியவர்களின் பதிலுக்குக் காத்திருந்த நாட்கள் இதில் சேரவில்லை.

ஆகவே, பக்கக் கணக்கை முதலில் மறந்துவிடு. 250 சொல் ஒரு பக்கம் என்பது இத்தொழிலில் பரவலாக உள்ள அளவு. பொடி எழுத்தில் நெருக்கி அடித்த ஒரு பக்கத்தில் அதைப் போல் இரு மடங்கு இருக்கக்கூடும். சொற்களை எண்ணியபின், தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சில பக்கங்களை எடுத்து, கடிகாரம் பார்த்துத் திருத்து. அட்டவணை, படம், ‘காண்க’ என்னும் குறிப்பு ஆகியவற்றைத் தனியே எண்ணிக்கொள். அவை சொற்கணக்கில் அகப்படாமல் நேரத்தை விழுங்குபவை.

அதற்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த வகைத் திருத்தம்? நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வான் பியூரன், பியூலர் என்னும் இருவர் 1976-இலேயே திருத்தத்தை ஒன்பது வகையாகப் பிரித்து, அவற்றைக் கொண்டு ஐந்து நிலைகளை வகுத்தார்கள். எழுத்துப்பிழை நீக்குவதும் உள்ளடக்கத்தை மாற்றியமைப்பதும் ஒரே வேலை அல்ல என்பதை அவர்கள் எழுத்தில் வைத்துவிட்டார்கள். நம்மிடம் வருகிறவர்களோ ‘சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதும்’ என்கிறார்கள். நம் பெரியவர் அந்தச் சொற்களைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாரே, அதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

பிறகு மூன்று எண்களை எழுது: எல்லாம் நல்லபடி நடந்தால், வழக்கம்போல் நடந்தால், மோசமாக நடந்தால். 1950-களின் இறுதியில், ஒரு திட்டத்தின் வேலைகளுக்கு ஆகும் காலத்தைக் கணிக்கும் பெர்ட் (PERT) முறையை வகுத்தவர்கள் நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்கச் சொன்னார்கள். உன் கையேட்டுக்கு 60, 80, 160 மணி நேரம் என்று வைத்தால் 90 வருகிறது. நாளுக்கு ஐந்து மணி என்றால் 18 நாள். நீ கேட்டிருப்பது எட்டு.

நாள் தவறி நிற்பதை விட நான் அஞ்சுவது வேறொன்று. என் கையேட்டில் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு ஓர் அட்டவணையில் நியூட்டன் மீட்டரிலும் மற்றொன்றில் கிலோகிராம் விசை மீட்டரிலும் இருந்தது. இரண்டுக்கும் ஏறத்தாழ 9.8 மடங்கு வேறுபாடு. ஒரு வரிசையில் அலகு மாறிக் கிடந்ததை பதினோராம் நாள்தான் கண்டேன். நான்கே நாளில் முடிக்க முயன்றிருந்தால் அந்த அட்டவணையைக் கண்ணால் தடவிவிட்டுப் போயிருப்பேன். அதை நம்பி ஒருவர் போல்ட்டை முறுக்கியிருப்பார். நாட்கள் தீரும்போது நாம் முதலில் தாண்டிச் செல்வது அட்டவணைகளையும் எச்சரிக்கைக் குறிப்புகளையும்தான் என்பது உனக்கும் தெரியும்.

நாளைக்கே அவர்களிடம் பேசி, மாதிரிப் பக்கங்களைத் திருத்திப் பார்த்தபின் புதிய தேதி சொல்வதாகக் கூறிவிடு. ஒப்புக்கொண்ட பிறகு எப்படிக் கேட்பது என்று தயங்காதே. ஏழாம் நாள் கேட்பதை விட இப்போது கேட்பது எளிது. மறுத்தால் அட்டவணைகள் அனைத்தையும் எனக்கு அனுப்பு. அவற்றை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்