பெட்டி மேல் கிராஃபிக்ஸ் வாட் கணக்கையும் அச்சடியுங்கள்

பட்ஜெட் கேமிங் லேப்டாப் தயாரித்து இந்தியாவில் விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். திருச்சியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எழுபதாயிரம், எண்பதாயிரம் ரூபாய்க்கு நீங்கள் விற்கும் மெஷின்கள் வாரம் தவறாமல் என் மேசைக்கு வருகின்றன. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மே மாதம் ஒரே கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்கள் கடைக்கு வந்தார்கள். வேறு வேறு கம்பெனி லேப்டாப், ஆனால் இரண்டிலும் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற அதே கிராஃபிக்ஸ் சிப். ஒரே கேமை ஒரே செட்டிங்கில் ஓட்டினால் ஒருவனுக்கு ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) 80க்கு மேல் நிற்கிறது, மற்றவனுக்கு 60ஐத் தாண்டவில்லை. "அண்ணா, என்னோடதுல ஏதோ ஃபால்ட் இருக்கு, பாருங்க" என்றான். சீட்டுப் பணத்தை எடுத்து அதை வாங்கிக் கொடுத்த அவன் அம்மாவும் கூட வந்திருந்தார்.

பின்மூடியைக் கழற்றி ஃபேன், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் எல்லாம் பார்த்தேன். டிரைவரைப் புதிதாக ஏற்றினேன். சார்ஜரை மாற்றிப் போட்டேன். எதிலும் குறை இல்லை. கடைசியில் என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் தகவலைத் திறந்தேன். அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் என்ற வரியில் இவனுடையதில் 60 வாட், நண்பனுடையதில் 105 வாட். பழுது என்று எதுவுமே இல்லை, நீங்கள் செய்து அனுப்பியதே அப்படித்தான். "ரெண்டு பெட்டியிலயும் ஒரே பேருதானே தம்பி போட்டிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

லேப்டாப்புக்கான 4050 சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்ட என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. உடம்பு மெலிதாக இருந்தால் சூடு வெளியேற வழி குறைவு, அதனால் வாட்டைக் குறைத்து வைக்கிறீர்கள். அது தப்பில்லை. எல்லோரும் 115 கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. இந்தச் சிப்பில் 90, 100 வாட்டுக்கு மேல் ஏற்றினாலும் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. ஆனால் 60க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வாங்குகிறவருக்கு அது கடையிலேயே தெரிய வேண்டும்.

திரையிலும் இதே கதைதான். 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை மாறும் திரை என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அந்தப் பேனலின் வண்ண அளவு 45 சதவீத என்டிஎஸ்சி (வண்ணங்களை அளக்கும் ஒரு அளவுகோல்) என்பதை எங்கோ பொடி எழுத்தில் வைக்கிறீர்கள், பல நேரம் அதுவும் இல்லை. இணையத்திலும் படங்களிலும் வழக்கமாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். என் அக்கா மகள் பகுதி நேரமாகக் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறாள். இப்படிப்பட்ட திரையில் குங்குமச் சிவப்பு அவளுக்குச் செங்கல் நிறமாகத் தெரிந்தது. சரி, வெளுத்திருக்கிறதே என்று சிவப்பை ஏற்றினாள். அச்சில் முகத்தில் அடிக்கிற மாதிரி வந்தது. முந்நூறு பத்திரிகை வீண். கேம் மட்டும் ஆடுகிறவருக்கு அந்தத் திரை போதும்தான். ஆனால் இந்த விலையில் லேப்டாப் வாங்குகிற வீட்டில் கேமும் படிப்பும் வேலையும் அந்த ஒரே மெஷினில்தான் நடக்கிறது.

உங்களைக் குறை மட்டும் சொல்ல வரவில்லை. ஆட்டோகேட், பிளெண்டர் மாதிரி வரைபட, 3டி மென்பொருள் ஓட்டுகிற மாணவருக்கு இந்த மெஷின்களைத்தான் நானே சிபாரிசு செய்கிறேன். பல மாடல்களில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டிக்கு இரண்டு இடம், சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் கழன்று வரும் பின்மூடி. ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்ட மெல்லிய லேப்டாப்களைப் பார்த்த பிறகு இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். தயவுசெய்து இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

ஆனால் இரண்டு ஸ்லாட் வைத்துவிட்டு ஒரே ஒரு 8 ஜிபி ரேமை மட்டும் செருகி ஏன் அனுப்புகிறீர்கள்? இன்னொன்றைப் போட்டதும் கேமில் வரும் திக்கல் குறைவதை என் மேசையிலேயே எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முதலிலேயே ஜோடியாகப் போட்டால் என்ன?

அப்புறம் சூடு. ஏசி அறையில் சோதித்த கணக்கு எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு ஒத்துவராது. மின்விசிறி மட்டும் ஓடுகிற அறையில் ஒரு மணி நேரம் ஆடினால் சிபியு (முக்கிய பிராசசர்) 95 டிகிரியைத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, கீபோர்டின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடிவதில்லை. பையன்கள் பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடியை வைத்து உயர்த்துகிறார்கள். அது வேலையும் செய்கிறது, சூடு சில டிகிரி இறங்குகிறது. அந்தக் கால்களை இன்னும் கொஞ்சம் உயரமாக நீங்களே வைத்தால் என்ன செலவாகிவிடும்?

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கரண்ட் போனால் கிராஃபிக்ஸ் வேகமும் விழும். அதையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

நான் கேட்பது பெட்டியின் பக்கவாட்டில் நான்கு எண்கள்: கிராஃபிக்ஸ் வாட், திரையின் வண்ண அளவு, ரேம் ஒன்றா ஜோடியா, 35 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நிற்கும் வேகம். இவற்றில் பெரும்பாலானவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்கள்தான். அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்னால், ஜூன் மாத விற்பனைக்கு வரும் பெட்டிகளிலாவது அச்சடித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு சர்வீஸ் கடைக்காரர்