கிணற்றடியில் கொஞ்சம் நில்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, முற்றம் முழுக்கப் புழுதி. உன் கதையைத் தம்பி பிரிண்ட் எடுத்துத் தந்தான், 11 பக்கம். நாலு நாளாகக் கையோடு வைத்திருந்து வாசித்தேன்.

எழுத்துப் பிழை மட்டும் பார்த்துத் தரச் சொல்லியிருந்தாய். அதை இப்போது தொடமாட்டேன். அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ஒருவர் தன் நாவலின் புறூவை மூன்று தரம் திருத்தித் தந்தார், ஒற்று, காற்புள்ளி என்று ஒன்று விடாமல். எல்லாம் சுத்தமான பிறகு, நாலாம் தரம் வந்து நடுவில் ஒரு அத்தியாயமே வேண்டாம் என்றார். ஒரு சொல் கூடினாலே பந்தி முடியுமட்டும் வரி வரியாக எழுத்தைத் தள்ளவேண்டிய காலம் அது. இரவிரவாகக் கோத்ததெல்லாம் பிரிந்து பெட்டிக்குள் திரும்பிப் போனது. அவர் செய்தது சரிதான், அந்த அத்தியாயம் கதைக்கு வேண்டாததுதான். ஆனால் அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். நீயும் முதலில் கதையைப் பார்.

7ஆம் பக்கத்தில் அந்தத் தாய் அடகு வைக்கப் போகமுன் கிணற்றடியில் நின்று, கைக்குச் சவர்க்காரம் போட்டுக் காப்பைக் கழற்றுகிறா. ஒரே ஒரு வரி. அடுத்த வரியில் பிள்ளை கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டது. உன் கதை அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது, மகள். முதல் 3 பக்கமும் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கோட்டை மான், கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறு என்று திருகோணமலை ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறாய். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஊரைச் சொல்லச் சொல்ல ஆசை தீராது, எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்தத் தாய்க்குக் கன்னியாவில் ஒரு அலுவலும் இல்லையே. அந்த 3 பக்கத்தையும் எடுத்துவிடு. அழிக்காதே, வேறொரு ஃபைலில் போட்டு வை, ஒரு நாளைக்கு உதவும்.

அந்த இடத்தைக் கிணற்றடிக்குக் கொடு. சவர்க்காரம் என்ன நிறம்? காப்பு கை மொழி எலும்பில் இறுகினபோது அவ ஏதாவது சொன்னாவா? கழன்ற பிறகு வெளிறிக் கிடந்த கையை அவ எங்கே வைத்துக்கொண்டா? நீ அதில் நிற்காமல் ஓடியிருக்கிறாய். முதல் தரம் எழுதும்போது நோகிற இடத்தைக் கெதியாகக் கடக்கத்தான் கை பார்க்கும், அதில் பிழையில்லை. இரண்டாம் தரம் போகும்போது அங்கேயே கதிரையைப் போட்டு இரு.

கடைசியில் "தியாகம் என்றால் என்னவென்று அன்று அவள் உணர்ந்தாள்" என்று முடித்திருக்கிறாய். அதை வெட்டு. அதற்கு முந்தின வரியில் பஸ் யன்னலோரம் இருந்து பிள்ளை தன் விரலை மணந்து பார்க்கிறது, சவர்க்கார மணம். கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார், விரலில் அந்த மணம் இருக்கவேண்டுமென்றால் காப்பைப் பிடித்து இழுத்தது அந்தப் பிள்ளையின் கை. 7ஆம் பக்கத்தில் அது இல்லை. அதை எழுது.

"உணர்ந்தாள்" 14 இடத்தில் வருகிறது. கீறிக்கொண்டு போனேன், இரண்டைத் தவிர மற்றதெல்லாம் எடுத்தாலும் ஒன்றும் குறையாது.

ஊர்க்காரன் கண்ணில் பட்ட சிலவும் உண்டு. கதை 2003இல் நடக்கிறது, பஸ் கிண்ணியாப் பாலத்தால் வருகிறது. பாலம் திறந்தது 2009இல். அதுவரைக்கும் பாதையில், அந்த மிதவைப் படகில்தானே கடந்தோம்! இந்தப் பிழை உனக்கு நல்லதுக்குத்தான், தாயும் பிள்ளையும் பேசாமல் பாதைக்குக் காத்து நிற்கிற நேரம் ஒன்று கிடைக்கிறது. பிறகு, டச்பே கடலில் சூரியன் மறைகிறது என்றிருக்கிறாய். அங்கே உதிக்கிறதைத்தான் பார்க்கலாம். மறைவது முதுகுப் பக்கம், உள்துறைமுகத்தின் மேல். ஆனி மாதத்தில் அடைமழையும் பெய்கிறது. எங்களுக்கு மாரி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அல்லவா? எங்கட ஆள் ஒருவர் இதில் இடறினால் பிறகு காப்பையும் நம்பமாட்டார்.

இதை வாசித்த கையோடு திருத்த இருந்துவிடாதே. 3 கிழமை மூடி வை. பிறகு பிரிண்ட் எடுத்து வாய்விட்டு வாசி, நாக்கு இடறுகிற இடத்தில் பேனையால் கீறு. எல்லாம் முடிந்தபின் எழுத்துப் பிழைக்கு என்னிடம் அனுப்பு. அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்துக் கடைசி வரியிலிருந்து மேலே மேலே பார்த்து வருவேன். கதை இழுத்துக்கொண்டு போகாவிட்டால்தான் கண் எழுத்தைப் பார்க்கும்.

அம்மாவுக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை. அன்றைக்கு நான் அச்சகத்தில் நின்றேன். பின்னேரம் வந்து காப்பு எங்கே என்று கேட்டபோது பெட்டிக்குள் என்றா. அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கிணற்றடியை எழுதினதும் அதை மட்டுமாவது முதலில் அனுப்பு, பிள்ளை.

அன்புடன்,
அப்பா