ஸ்பிதி போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அக்னி வெயிலுக்குத் தப்பி வேலூர் இளைஞர்கள் இமாச்சலின் ஸ்பிதி பள்ளத்தாக்கு வரை போகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். ஸ்பிதியிலுள்ள கிப்பர் கிராமமோ 4,200 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. இங்கே ஏறிப் பழகிய தெம்பு அங்கே செல்லாது.

மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் போய் இறங்குவதுதான் பலருக்குத் தலைவலி, வாந்தியைக் கொண்டுவருகிறது. சிம்லா, கல்பா, நாக்கோ என்று தங்கித் தங்கிப் போனால் உடம்பு பழகும். நாக்கோவில் இரண்டு இரவு அவசியம். கிப்பருக்குப் பகலில் ஒருமுறை போய்வந்த பிறகே அங்கே படுக்கலாம்.

உயரத்தால் வரும் இந்த உபாதையைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை 125 மி.கி., காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து, டாக்டரைக் கேட்டுத்தான். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உடம்பு முடியாதவரைக் குதிகாலோடு விரல் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரியானாலும் கீழே இறக்குங்கள். 'தூங்கினால் சரியாகிவிடும்' என்பது பொல்லாத யோசனை.

டூர் ஏற்பாட்டாளர்கள் ஒவ்வோர் இரவும் தங்கும் ஊரின் உயரத்தை நோட்டீசிலேயே அச்சிட வேண்டும்.

மலைப்பயண ஆர்வலர்கள்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.