வரவேற்பறைக் கதவைக் காலையிலேயே திறந்து வையுங்கள்

பாங்காக் பழைய நகரத்தில் பயணிகள் தங்கும் ஹாஸ்டல் நடத்தும் உரிமையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

செக்-இன் பிற்பகல் 2 மணி, செக்-அவுட் காலை 11 மணி என்ற உங்கள் விதியோடு எனக்குச் சண்டை இல்லை. விரிப்பை மாற்ற வேண்டும், குளியலறை கழுவ வேண்டும், அதற்கு ஆளும் குறைவு. புரிகிறது. ஆனால் சியாங் மாயிலிருந்து வரும் இரவு ரயில் விடிந்ததும் வந்துவிடும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வடக்கே மலை பார்த்துவிட்டுத் தெற்கே தீவுகளுக்குப் போகிறவர்கள் நடுவில் ஓர் இரவு தங்குவதால்தான் உங்களில் பலருக்கு வியாபாரமே நடக்கிறது. விடியலுக்கும் 2 மணிக்கும் இடையே அவர்கள் எங்கே இருப்பார்கள்?

நானும் என் கணவரும் நடைபாதையில் இருந்தோம்.

பெயர் சொல்ல விரும்பாத அந்த ஹாஸ்டலில் வரவேற்பறை இருந்தது. சோபா, மின்விசிறி, தண்ணீர் இயந்திரம் எல்லாம் கண்ணாடிக் கதவு வழியாகத் தெளிவாகத் தெரிந்தன. ஆள்தான் இல்லை. கதவைத் திறக்கும் ரகசிய எண் 2 மணிக்குச் செல்போனுக்கு வருமாம். கொஞ்சம் முன்னதாக அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதினோம். ‘செக்-இன் 2 மணிக்குத் தொடங்கும், உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று நொடியில் பதில் வந்தது, கூடவே ஒரு சிரிக்கும் முகம். மறுபடி எழுதினோம். அதே வரி, அதே சிரிப்பு. இயந்திரத்துக்கு நம் பொறுமை எந்த அளவுக்கு மிச்சம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மேற்குப் பார்த்த கட்டடம் என்பதால் காலையில் நிழல் தாராளமாக விழுந்தது. நேரம் ஆக ஆக அது சுவரை நோக்கி ஒதுங்க, நாங்களும் முதுகுப்பைகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஒதுங்கினோம். ஏப்ரல் கடைசியில் உங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நண்பகலில் நிழல் வாசற்படிக்குள் அடங்கிவிட்டது. அதன் பிறகு வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து நேராக முகத்தில் அடித்தது. என் கணவரின் கறுப்புச் சட்டையில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்தது.

வெயில் பழகாத வெளிநாட்டவரின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். சென்னையும் பாங்காக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. கத்திரி வெயிலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நாங்கள். வெயிலில் நடக்கத் தெரியும். வெயிலில் போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது வேறு. 2024 ஏப்ரலில் உங்கள் நகர நிர்வாகமே, உடல் உணரும் வெப்பம் 52 டிகிரியைத் தாண்டக்கூடும், வெளியே திரியாதீர்கள் என்று மக்களை எச்சரித்ததே. உள்ளே போகச் சொல்கிறது நகரம். உள்ளே விடமாட்டேன் என்கிறது கதவு.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். அன்று நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். கையில் பாட்டில் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. குடித்தால் கழிப்பறை தேட வேண்டுமே என்ற பயத்தில் வாயை நனைத்துவிட்டு மூடி வைத்தேன். தெருமுனைக் கடையில் குளிர்காற்று உண்டு, கழிப்பறை கிடையாது. காப்பிக் கடைக்குப் போனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது வாங்க வேண்டும், ஒருவர் மூட்டைக்குக் காவல் இருக்க வேண்டும். தலை கனத்து, கண் முன்னால் பூச்சி பறக்க ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தில் சோறும் குழம்பும் விற்கும் அம்மாள் எங்களைக் கவனித்தார். அவருக்கு எங்கள் பாஷை தெரியாது, எங்களுக்கு அவருடையது தெரியாது. சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி இரண்டைக் குடைக்குக் கீழே இழுத்துப் போட்டார். ஐஸ் போட்ட தண்ணீரை ஒரு குவளையில் நீட்டினார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் இருந்த கதவைக் கையால் காட்டினார். அவருடைய வீட்டுக் கழிப்பறை. பணம் கொடுத்தால் வாங்கவில்லை. அறைக்குப் பணம் வாங்கியிருந்தவர்கள் நீங்கள்.

நாங்கள் கேட்பது சீக்கிரம் அறை தாருங்கள் என்பதல்ல. வரவேற்பறையைக் காலையிலேயே திறந்துவிடுங்கள். மூட்டை வைக்க ஒரு மூலை, உட்கார ஒரு பெஞ்சு, ஒரு கழிப்பறை. அவ்வளவுதான்.

மறுநாள் கதை இதைவிடச் சுருக்கம். சரியாக 11 மணிக்குக் கதவைத் திறக்கும் எண் செத்துவிட்டது. பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் கீழே போன என் கணவர் மாடிக்குத் திரும்ப முடியாமல் வெறுங்காலோடு நின்றார். தெற்கே போகும் ரயிலுக்கு மாலை வரை நேரம் இருந்தது. மூட்டையோடு தெருவில் இறங்கினால் டுக்டுக் என்ற ஆட்டோவை ஓட்டுகிறவர், ‘அரண்மனை இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்’ என்கிறார். அரண்மனை திறந்துதான் இருந்தது. டாக்சிக்காரரிடம் மீட்டர் போடச் சொன்னால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் புத்தரைத் தரிசித்தபோது, புத்தர் மன்னிக்க வேண்டும், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இவர் எந்த இணையதளத்தில் முன்பதிவு செய்தாரோ! சரி, டுக்டுக்குக்கும் டாக்சிக்கும் நீங்கள் பொறுப்பில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தொழில் கண்ணாடிக் கதவோடு பிறக்கவில்லை. 1892-இல் மன்னர் சுலாலோங்கோர்ன் காலத்தில் போடப்பட்ட உங்கள் காவ் சான் சாலை ஒரு காலத்தில் அரிசிக் கடைகளுக்குப் பேர்போனதாக இருந்தது. 1982-இல் நகரத்தின் இருநூறாம் ஆண்டு விழாவை ஒட்டி வெளிநாட்டவர்கள் திரண்டபோது, அந்தச் சாலை இருக்கும் பாங்லாம்பூ வட்டாரத்துக் குடும்பங்கள் தங்கள் மரவீடுகளில் ஓர் அறையை ஒழித்து வாடகைக்குக் கொடுத்தன. வீட்டில் ஆள் இருந்ததால் கதவைத் தட்டினால் திறந்தது. இன்று ஆளை எடுத்துவிட்டுப் பூட்டை வைத்திருக்கிறீர்கள். செலவு குறைந்திருக்கும், சந்தோஷம். அந்தச் செலவை இப்போது குழம்புக்கடை அம்மாள் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்களில் பெரும்பாலானவை ஹுவா லம்போங் என்ற பழைய ரயில் நிலையத்துக்கு வருவதில்லை, வடக்கே குருங் தெப் அபிவத் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மெட்ரோ பிடித்து, சாம் யோட்டில் இறங்கி, பாங்லாம்பூ வரை வெயிலில் நடந்து வருகிறவர்களை மறுபடி நிலையத்துக்கே போய் உட்காரச் சொல்வது நியாயமா?

உங்களில் பலர் மூட்டையைக் காலையிலேயே வாங்கி வைத்து, குளிக்கவும் விடுகிறீர்கள் என்று அறிவேன். அவர்களுக்கு நன்றி. இந்த மடல் மற்றவர்களுக்கு. தமிழில் எழுதியிருக்கிறாளே, யார் படிப்பது என்று கேட்காதீர்கள். உங்கள் முன்பதிவுப் பக்கத்தில் மொழிபெயர்ப்புப் பொத்தான் இருக்கிறது, பணம் வாங்கும்போது அது நன்றாகவே வேலை செய்தது.

கட்டணம் வேண்டுமென்றால் சொல்லுங்கள். மூட்டைக்கு 50 பாத், குளியலுக்கு 100 பாத் என்று எழுதிப் போடுங்கள், கொடுத்துவிட்டுப் போகிறோம். வாசல் கதவின் எண்ணை மட்டும், அறையின் எண்ணை அல்ல, காலை 7 மணிக்கே அனுப்புங்கள். அதுவும் முடியாது என்றால், ‘2 மணிக்கு முன்னால் வருகிறவர்களுக்கு இங்கே கழிப்பறை கிடையாது’ என்ற ஒரு வரியை விலைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொள்கிறோம்.

அடுத்த ஏப்ரலுக்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணம் கட்டிய விருந்தாளி,
சென்னை