21 வயது ஆகிவிட்டதா என்று கேட்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மது வாங்கும் வயதை 18 ஆக்கலாமா, 25 ஆக்கலாமா என்று பேசுகிறார்கள். புதுச்சேரியில் 18, கேரளத்தில் 2017 முதல் 23, நம் தமிழ்நாட்டில் 21. சரி, அந்த 21-ஐ யார் பார்க்கிறார்கள்?

குடியாத்தத்தில் ஒரு டாஸ்மாக் கடை அருகே பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். மாலை நாலரை மணிக்கு மேல் மீசை அரும்பாத பிள்ளைகள் வருகிறார்கள். சீருடைக்கு மேல் வேறு சட்டை போட்டிருப்பார்கள், கால்சட்டை காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் வயது கேட்பதில்லை. சில நாள் பெரியவர் யாரிடமாவது பணம் கொடுத்து வாங்கச் சொல்வார்கள்; அவருக்கு அதில் ஒரு கட்டிங். அப்புறம் என்னிடம் தண்ணீர் பாட்டிலும் ஊறுகாயும் கேட்பார்கள். "உனக்குக் கிடையாதுப்பா, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவேன். வியாபாரம் போனால் போகட்டும். பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அம்மாக்கள் இந்த ஊரில் எத்தனை பேர்!

18 வயதில் ஓட்டுப் போடலாம், குடிக்கக் கூடாதா என்கிறார்கள். ஓட்டுப் போட அட்டை காட்டுகிறோமே! இங்கேயும் அட்டை கேட்கட்டும். வாங்கிக் கொடுக்கும் பெரியவர்கள் மீதும் வழக்குப் போடட்டும். மாவட்ட ஆட்சியர் பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை இங்கே வந்து நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பெட்டிக்கடைக்காரம்மா,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.