எங்கள் வரிசையில் நீங்கள் வந்து நிற்காதீர்கள்: கூட்டமைப்புகளின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளை ஒன்றுசேர்த்து நடத்தும் கூட்டமைப்புகளின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம்.

ஒரு சதுப்பு நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் சிறிய அமைப்பில் நான் கணக்கு எழுதுகிறேன். உங்களுடையதைப் போன்ற ஒரு கூட்டமைப்பில் நாங்களும் உறுப்பினர். உங்களிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: உறுப்பு அமைப்புகள் நிதி கேட்டு நிற்கும் வரிசையில் கூட்டமைப்பும் வந்து நிற்கக் கூடாது. கூட்டமைப்பே வேண்டாம் என்பவள் அல்ல நான். அது இல்லாமல் எங்களால் ஆகாத காரியங்கள் எத்தனையோ உண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை அலாஸ்காவில் கிளம்பினால், பசிபிக் பெருங்கடலில் எங்கும் இறங்காமல் நியூசிலாந்து வரை பறக்கக் கூடியது. பிறந்து சில மாதங்களே ஆன ஒரு குஞ்சு 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாளில் ஒரே வீச்சில் கடந்ததை, அதன் உடலில் பொருத்தியிருந்த கருவி காட்டியது. ஆனால் அந்தப் பறவைகள் வடக்கே திரும்பும்போது வழியில் இளைப்பாற இடம் வேண்டும். மஞ்சள் கடலின் சேற்றுக்கரைகளில் இறங்கி, வாரக்கணக்கில் இரை தின்று, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டுதான் மிச்ச தூரத்தைப் பறக்கும்.

அந்தக் கடலோரத்தில், தென்கொரியாவின் சேமான்கும் பகுதியில், 33 கிலோமீட்டர் நீளக் கடல்சுவரின் கடைசி இடைவெளி 2006இல் மூடப்பட்டது. பெரும் சேற்றுவெளிக்கு அலை வருவது நின்றுபோனது. கிரேட் நாட் என்ற உள்ளான் இனம் அங்கே பல்லாயிரக்கணக்கில் வந்து இறங்கும். அந்த வரத்து சரிந்தது. பக்கத்துக் கரைகளுக்குப் போயிருக்கும் என்று சொல்லிவிடுவது எளிது. பேர்ட்ஸ் கொரியா என்ற அமைப்பும் ஆஸ்திரேலியக் கரைப்பறவை ஆய்வுக்குழுவும் 2006 முதல் 2008 வரை சேர்ந்து எண்ணின. அக்கம்பக்கத்துக் கரைகளில் அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்குப் பறவைகள் கூடவில்லை. அதே பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரைகளிலும் கணக்கு குறைந்திருந்தது. அதாவது அவை இடம் மாறிப் போகவில்லை, இல்லாமலே போய்விட்டன.

இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கும். ஒரு கரையில் மட்டும் எண்ணியிருந்தால் அது வெறும் புலம்பலாக முடிந்திருக்கும். இரண்டு கரைகளின் குறிப்பேடுகள் ஒன்றாக வைத்துப் படிக்கப்பட்டதால்தான் அது சான்றாயிற்று. ஒரே முறையில், ஒரே படிவத்தில், ஒரே பருவத்தில் எண்ண வைப்பதும், எண்ணியதைத் தொலைந்துபோகாமல் காப்பதும், யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பதும் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. எங்களைப் போன்ற ஐந்தாறு பேர் கொண்ட அமைப்பால் அதைச் செய்ய முடியாது. உங்களால் முடியும். பறவைகளுக்காக 1922இல் தொடங்கிய பன்னாட்டு மன்றம் பின்னாளில் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் ஆனது. ஒரு நாட்டு அமைப்பு எண்ணுவது அடுத்த நாட்டு அமைப்புக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற தேவைதான் அதை இன்றுவரை தாங்கி நிற்கிறது.

அரசுகளிடம் பேசுவதும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் சட்டமும் வாழிடங்கள் சட்டமும் மறுபரிசீலனைக்கு வந்தபோது, அவை தளர்த்தப்பட்டுவிடும் என்ற பயம் இருந்தது. கூட்டமைப்புகள் கைகோத்து நடத்திய இயக்கத்தால் 2015இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கருத்து அனுப்பினார்கள். சட்டங்களை மாற்றுவதில்லை என்று 2016 டிசம்பரில் முடிவாயிற்று. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கான ஒப்பந்தம் 2023இல் நிறைவேறியதிலும், 2011இல் உருவான ஹை சீஸ் அலையன்ஸ் கூட்டணியின் விடாப்பிடியான உழைப்பு இருக்கிறது. இதையெல்லாம் தனித்தனியாக நின்று யாரும் சாதித்திருக்க முடியாது.

இனி நிதிக்கு வருகிறேன்.

எங்களுக்குக் கிடைக்கும் நிதி பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கானது. நாற்று வாங்கலாம், அறிவிப்புப் பலகை வைக்கலாம், பயிற்சி முகாம் நடத்தலாம். தணிக்கைக் கட்டணம், காப்பீடு, வண்டிக்கு எரிபொருள், எண்ணிய கணக்கைக் கணினியில் ஏற்றுபவரின் சம்பளம் என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவார்கள். நிர்வாகச் செலவு என்றாலே வீண்செலவு என்று கொடையாளர் பலர் நினைக்கிறார்கள். ஆனால் சதுப்பு நிலம் மூன்றாண்டுத் திட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. களையெடுத்த இடத்தில் மறுபடி களை வரும். எண்ணிக்கை ஓராண்டு விட்டுப்போனாலும் அந்த ஓட்டை என்றைக்கும் அடைபடாது.

இந்த நெருக்கடியில் இருக்கும்போதுதான் கூட்டமைப்பும் அதே கொடையாளரிடம் விண்ணப்பத்தோடு போகிறது. விண்ணப்பம் எழுதுவதற்கென்றே கூட்டமைப்பில் சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு. கொடையாளருக்கும் இருபது சிறிய காசோலைகளைவிட ஒரு பெரிய காசோலை வசதி. பணம் கூட்டமைப்புக்கு வருகிறது. வேலை எங்களுக்கு வருகிறது. உறுப்பினராக இருந்தவர்கள் ஓசையில்லாமல் உள்ஒப்பந்தக்காரர்கள் ஆகிவிடுகிறோம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், எங்கள் பெயர் இருக்கும். இது கெட்ட எண்ணத்தில் நடப்பதாக நான் நினைக்கவில்லை. சந்தாப் பணத்தில் ஓர் அலுவலகத்தை நடத்த முடியாது என்பது கணக்கு எழுதும் எனக்கு நன்றாகவே தெரியும். உங்கள் ஊழியர்களுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். ஆனாலும் உறுப்பினரின் பசியில் வளரும் கூட்டமைப்பு யாருக்காக வளர்கிறது என்று ஒருவர் கேட்டாக வேண்டும்.

உறுப்பினர்கள் கேட்கவே முடியாத நிதி உலகில் இருக்கிறது. அங்கே போங்கள். பொதுவான தரவுத்தளம், பல அமைப்புகள் பகிர்ந்துகொள்ளும் வழக்கறிஞர், கூட்டுக் காப்பீடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு தணிக்கையாளர். இவற்றைச் சிறிய அமைப்பு கேட்டால் சிரிப்பார்கள். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள். பெரிய தொகை ஒன்று உங்கள் வழியாக வந்தே தீரும் என்றால், அதை எங்களுக்குப் பிரித்துத் தரும்போது அன்றாடச் செலவுக்கும் ஒரு பங்கு வையுங்கள், ஓராண்டுக்கு அல்ல, பல ஆண்டுகளுக்கு. கொடையாளரிடம் அதற்காக வாதாடும் பலம் உங்களிடம்தான் இருக்கிறது.

சிறியவர்களிடம் பெரிய பொறுப்பைக் கொடுக்க முடியுமா என்று உங்களில் சிலர் தயங்குவீர்கள். அண்டார்க்டிகாவுக்கு அருகிலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவில், கப்பல்களில் வந்து பெருகிய எலிகள் தரையில் கூடு கட்டும் பறவைகளைச் சூறையாடிக்கொண்டிருந்தன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சவுத் ஜார்ஜியா ஹெரிடேஜ் டிரஸ்ட் சிறிய அறக்கட்டளைதான். 2011க்கும் 2015க்கும் இடையில் மூன்று கட்டமாக ஹெலிகாப்டர்களில் எலி மருந்து தூவி, பிறகு காத்திருந்து, மோப்ப நாய்களைக் கொண்டு தேடி, 2018இல் தீவு எலியில்லாத இடம் என்று அறிவித்தது. வேறெங்கும் வாழாத தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி என்ற சிறு பறவை, தான் இழந்த கரைகளில் மறுபடி கூடு கட்டுகிறது. சிறிய அமைப்புக்குத் தேவைப்பட்டது நம்பி விடப்பட்ட பணமும் அவகாசமும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபடும்போது கூட்டமைப்பு வாயை மூடிக்கொள்கிறது. காற்றாலை வேண்டும் என்று ஓர் அமைப்பு சொல்லும், அந்த இடம் பறவைகளின் பாதை என்று இன்னோர் அமைப்பு சொல்லும். இரண்டையும் அப்படியே வெளியிடுங்கள். நீர்த்துப்போன பொது அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. 1948இல் பிரான்சின் ஃபோன்டென்புளோ நகரில் தொடங்கிய ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தில் அரசுகள் ஒரு பிரிவாகவும் தன்னார்வ அமைப்புகள் இன்னொரு பிரிவாகவும் வாக்களிக்கின்றன. இரண்டிலும் பெரும்பான்மை கிடைத்தால்தான் தீர்மானம் நிறைவேறும். பெரியவர்களின் வாக்கு சிறியவர்களை மூழ்கடிக்காதபடி விதி எழுத முடியும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

அடுத்த பொதுக்குழுவுக்கு இரண்டு பட்டியல்களைக் கொண்டுவாருங்கள். கடந்த ஆண்டு நீங்கள் விண்ணப்பித்த கொடையாளர்களில் உறுப்பினர்களும் விண்ணப்பித்தவர்கள் யார் யார் என்பது ஒன்று. உங்கள் வழியாக வந்த நிதியில் எவ்வளவு உறுப்பினர் கைக்குப் போனது, அதில் அன்றாடச் செலவுக்கு எவ்வளவு என்பது இன்னொன்று. கூட்ட அறிவிப்போடு சேர்த்தே இரண்டையும் அனுப்பிவிட்டால் நல்லது. எங்கள் குழுவில் எல்லோரும் வேறு வேலைக்குப் போகிறவர்கள். உட்கார்ந்து படித்துப் பேசிவிட்டு வர எங்களுக்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

இப்படிக்கு,
உறுப்பு அமைப்பொன்றின் கணக்கர்