61ஆம் நாள் கதவைத் திறந்துவிடுங்கள்: லீக் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லீக் பொறுப்பாளர்களுக்கும் போட்டி அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் கணினி விளையாட்டுப் போட்டிகளில் இன்னொரு டிரான்ஸ்ஃபர் காலம் (ஆட்டக்காரர்கள் அணி மாறும் காலம்) முடிந்து ரோஸ்டர், அதாவது அணிப் பட்டியல், பூட்டியாகிவிட்டது. இந்த முறையும் அதே அறிவிப்புகள்தான்: "இன்று முதல் இவர் எங்கள் ஆடும் ஐவரில் இல்லை. இவருடைய உழைப்புக்கு நன்றி. ஆர்வமுள்ள அணிகள் தொடர்புகொள்ளலாம்." கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு இதயக்குறி. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எதற்கு கறுப்பு வெள்ளைப் படம் என்று ரசிகர்கள் கேட்பதுண்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

பெஞ்ச், அதாவது ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டே ஆடவிடாமல் உட்கார வைப்பது, என்றால் என்னவென்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. விதிப்புத்தகத்தை எழுதியவர்களே நீங்கள்தான். ஆகவே நேராகக் கோரிக்கைக்கு வந்துவிடுகிறோம். ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் ஆட்டக்காரரை அணி 60 நாள் ஆடவிடாமல் வைத்திருந்தால், 61ஆம் நாள் அவர் தனக்குப் பிடித்த அணியில் சேரலாம், பழைய அணி அதற்காக பைஅவுட் (ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க வாங்கும் தொகை) கேட்கக் கூடாது என்று விதி எழுதுங்கள். மருத்துவ விடுப்பில் இருப்பவருக்கும், ஏமாற்று வேலைக்காகத் தடை வாங்கியவருக்கும் இது பொருந்த வேண்டாம். இவ்வளவுதான் கேட்கிறோம்.

இரண்டு மாதம் உட்கார்ந்தால் குடியா முழுகிவிடும் என்று தோன்றலாம். உட்கார்ந்திருக்கும் நாட்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அறிவிப்பு வெளியாகும் முன்பே அணி பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் பயிற்சிச் சேனல்கள் அவருக்கு மறைந்துவிடும். ஸ்க்ரிம் (மற்ற அணிகளோடு ஆடும் பயிற்சி ஆட்டம்) அட்டவணை இருக்கும் நாட்காட்டி இணைப்பு திறக்காது. பயிற்சி சர்வரின் கடவுச்சொல் மாறியிருக்கும். அணி ரகசியம் காக்க இதெல்லாம் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரரின் வேலை அந்த ஸ்க்ரிமுக்குள்தான் இருக்கிறது. மதியம் ஒரு தொகுதி, மாலை ஒரு தொகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஆட்டம், நடுவில் கோச்சோடு பதிவைப் போட்டுப் பார்த்தல். இரவில் தனியாக, இணையத்தில் கிடைப்பவர்களோடு ஆடும் ரேங்க் ஆட்டம். இதில் பெஞ்சில் இருப்பவருக்கு மிஞ்சுவது கடைசி ஒன்று மட்டும்.

ரேங்க் ஆடினால் கை பழக்கத்தில் இருக்கும், அது உண்மை. ஆனால் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டில் ஐந்து பேர் ஒரே நொடியில் ஸ்மோக்கும் (புகைக்குண்டு) ஃப்ளாஷும் (கண்கூசவைக்கும் குண்டு) போட்டு ஒரு இடத்துக்குள் நுழைவதை அங்கே பழக முடியாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற ஐவர் அணி விளையாட்டில், வீழ்த்தினால் அணிக்குப் பலம் தரும் டிராகன் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே வார்ட் (கண்காணிப்புக் கருவி) வைத்து, எதிரியின் வார்டை எடுத்து, இடம் பிடிப்பதை முன்பின் தெரியாத நான்கு பேரோடு பழக முடியாது. யார் பேசுவது, யார் வாயை மூடிக்கொள்வது, கடைசி முடிவு யாருடையது என்கிற பேச்சு ஒழுங்கு ஐவர் சேர்ந்து மாதக்கணக்கில் கட்டுவது. முதலில் துருப்பிடிப்பது அதுதான். இந்த நேரத்தில் ஆட்டமும் சும்மா நிற்பதில்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச், அதாவது ஆட்டத்தை மாற்றும் புதுப்பிப்பு. 60 நாளில் நான்கு பேட்ச் போய்விடும். எந்த சாம்பியனை (ஆடும் கதாபாத்திரத்தை) முதலில் எடுப்பது, எதைத் தடை செய்வது என்பதை மற்ற அணிகள் ஸ்க்ரிமில் ஆடிக் கண்டுபிடிக்கின்றன. இவர் அடுத்தவர் பதிவைப் பார்த்து ஊகிக்கிறார்.

புதிய அணியின் கோச் முதலில் கேட்பதும் "அண்மையில் ஆடிய ஆட்டப் பதிவு இருக்கிறதா?" என்றுதான். இருக்காது. அப்படியானால் ட்ரையல் (தேர்வு ஆட்டம்) வையுங்கள் என்றால், ட்ரையலுக்கும் பழைய அணி எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் அந்த அணியின் அனுமதி இல்லாமல் பேசுவதே விதிமீறல். அணிகளைப் பாதுகாக்கப் போட்ட விதி அது. அதே விதிதான் பெஞ்சில் இருப்பவரைச் சுற்றி மதிலாகவும் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் ஐந்து பேரில் மூவர் மாறாமல் இருந்தால் அணியின் தரவரிசை அப்படியே நிற்கும். வெளியே அனுப்பப்பட்டவர் தானும் சேர்ந்து சம்பாதித்த புள்ளியில் ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் போக முடியாது. வெறுங்கையோடு வருகிறவருக்கு முழு விலை கொடுக்க யார் முன்வருவார்கள்?

இப்போது விலைக் கணக்கு. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 3 ஆண்டு ஒப்பந்தம், மாதம் 5,000 டாலர் சம்பளம், பைஅவுட் 3 லட்சம் டாலர். பெஞ்சுக்குப் போய் இரண்டு மாதம் கழிந்தால் சம்பளம் பாதியாகும் என்று ஒரு ஷரத்து. 14 மாதம் ஆடிய பிறகு உட்கார வைக்கிறார்கள். மீதி 22 மாதம். முதல் இரண்டு மாதத்துக்கு 10,000 டாலர், அடுத்த 20 மாதத்துக்கு 50,000 டாலர். ஆக, ஒருவரைக் கடைசி நாள் வரை கட்டிப்போட்டு வைக்க அணிக்கு ஆகும் செலவு 60,000 டாலர். யாராவது ஏமாந்து வாங்கினால் வரவு 3 லட்சம். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தாலும் அணிக்கு அவர் ஒரு லாட்டரிச் சீட்டு. சீட்டு விழாவிட்டால் போகிறது, எதிரணிக்குப் போய் நமக்கு எதிராக ஆடாமலாவது இருப்பாரே என்ற கணக்கும் உள்ளே ஓடும். வைக்கோற்போர் நாய் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. கடுமையான உவமை என்று தோன்றினால் மன்னிக்கவும், இதைவிடப் பொருத்தமாக வேறு அகப்படவில்லை.

இவர் கையெழுத்திட்டது பெரும்பாலும் 17, 18 வயதில். அந்த 3 லட்சம் அன்றைக்குப் பெருமையாகத் தெரிந்திருக்கும், நம் மதிப்பு இவ்வளவா என்று. அது தன் தலைக்கு மேல் வைக்கும் சுமை என்று சொல்லிக்கொடுக்க அருகில் ஒரு வழக்கறிஞர் இருந்திருக்க மாட்டார். பல ஒப்பந்தங்களில் தொகையே எழுதியிருக்காது, "அணி தீர்மானிக்கும் நியாயமான தொகை" என்று இருக்கும். கேட்கிற அணிக்கு ஏற்ப விலை மாறும். விற்கப்படுகிறவருக்கே தன் விலை தெரியாது. அதே ஒப்பந்தத்தில் இருக்கும் மாதாந்திர ஸ்ட்ரீம் (இணைய நேரலை) மணிக்கணக்கு மட்டும் பெஞ்சிலும் குறையாது. ஆட இடமில்லை, ஆனால் ஸ்பான்சர் சட்டையைப் போட்டுக்கொண்டு கேமரா முன் சிரிக்க வேண்டும்.

அணிகளும் லீக்குகளும் சொல்லும் பதில் எங்களுக்கு மனப்பாடம். "ஒப்பந்தம் அணிக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே உள்ள தனிப்பட்ட விஷயம், நாங்கள் தலையிட முடியாது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2018இல் ஓவர்வாட்ச் லீக் தொடங்கியபோது ஆண்டுக்கு 50,000 டாலர் குறைந்தபட்சச் சம்பளம், மருத்துவக் காப்பீடு என்று அணிகளுக்குக் கட்டளை போட்டது லீக்தான். அதே லீக், அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணிக்கு அபராத வரி என்றும் விதி வைத்திருந்தது. அது ஆட்டக்காரர்களின் சம்பளத்தை அமுக்குகிறது என்று அமெரிக்க நீதித்துறை 2023 ஏப்ரலில் வழக்குப் போட்டது. சம்பளத்தை அமுக்கத் தலையிட முடிந்தது, கதவைத் திறக்க மட்டும் முடியாதாம். 2023 ஆகஸ்டில், கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ், 2025 முதல் போட்டி அமைப்பாளர்கள் அணிகளோடு தனி வணிக உறவு வைத்துக்கொள்ளக் கூடாது, அழைப்பு தரவரிசைப்படிதான் என்று அறிவித்தது. ஒரே அறிவிப்பில் பல கோடி முதலீட்டுக் கணக்குகள் மாறின. ஆட்டம் உங்களுடையது, சர்வர் உங்களுடையது, உரிமம் உங்களுடையது. கால்பந்துக்குக்கூட இப்படி ஒரு சொந்தக்காரர் கிடையாது. உங்களால் முடியாது என்பதை நாங்கள் எப்படி நம்புவது?

கால்பந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபிஃபாவின் ஆட்டக்காரர் பரிமாற்ற விதிகளில் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நிலைபெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சீசனில் தன் கிளப்பின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே களமிறங்கியிருந்தால், அதையே நியாயமான காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவரோடு 3 ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்பதும் அந்த விதிகளில்தான் இருக்கிறது. 35 வயது வரை ஆட வாய்ப்புள்ள விளையாட்டில் ஒரு சீசன் பொறுக்கச் சொல்கிறார்கள். 20களின் நடுவிலேயே பலர் கழன்றுகொள்ளும் நம் துறையில் ஒரு சீசன் என்பது யானை விலை. அதனால்தான் 60 நாள் என்கிறோம்.

விதியை எழுதும்போது ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். "பெஞ்ச்" என்ற சொல்லை வைத்து எழுதினால் மறுநாளே அவருக்கு "ஆறாவது ஆட்டக்காரர்" என்று பெயர் சூட்டுவார்கள். ஆகவே பெயரைப் பார்க்காமல் ஆட்டத்தை எண்ண வேண்டும். அணி ஆடிய அதிகாரபூர்வ மேப் அல்லது ஆட்டங்களில், எந்த 60 நாளை எடுத்தாலும், அவர் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக ஆடியிருந்தால் அது பெஞ்ச்தான். இல்லையென்றால் 59ஆம் நாள் ஒப்புக்கு ஓர் ஆட்டம் ஆடவைத்துக் கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அகாடமி எனும் இரண்டாம் நிலை அணிக்கு இறக்கி ஆடவைப்பதும் இதில் அடங்க வேண்டும், அவராகவே கேட்டிருந்தால் ஒழிய. சீசன் இடைவெளியில் யாருமே ஆடாத நாட்களை அணிக்குச் சாதகமாகக் கழித்துவிடலாம், அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. 61ஆம் நாள் ரோஸ்டர் பூட்டிய பிறகு வந்தால், விடுபட்டவரை மட்டும் நடுவில் சேர்க்க அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் கதவு திறந்தும் வாசலில் சுவர் இருக்கும். பைஅவுட் தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், ஆட்டக்காரர் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸை வெளியிடும் ரயட் தன் லீக்குகளில் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பொதுப் பட்டியலாகவே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் "கடைசியாக ஆடிய நாள்" என்று இன்னொரு கட்டம் சேர்ப்பதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று உங்கள் பொறியாளர்களையே கேளுங்கள்.

விழா மேடைகளில் நீங்கள் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் நட்சத்திரம் ஃபேக்கரைக் காட்டுவீர்கள். காட்ட வேண்டியவர்தான். 2013இல் அறிமுகம், அதே அமைப்பில் ஆறு உலகப் பட்டம், கடைசியாக 2025இல். ஆனால் 2023இல் கைவலியால் அவர் ஒதுங்கியபோது இருக்கை அவருக்காகக் காத்திருந்தது. அணி தோற்றுக்கொண்டே இருந்தும் காத்திருந்தது. அவர் திரும்பி வந்து அந்த ஆண்டே உலகப் பட்டம் வாங்கினார். அதே விளையாட்டின் இன்னொரு நட்சத்திரம் ஊஸி, 2020 ஜூனில், 23 வயதில், நீரிழிவும் கைக்காயமும் சேர்ந்து ஓய்வு அறிவித்ததைப் பற்றி மேடையில் அதிகம் பேசுவதில்லை. 2018 டிசம்பரில் ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம் என்ற விளையாட்டின் லீக் அடுத்த ஆண்டு இல்லை என்று ஒரு அறிவிப்பு வந்தது. அதில் ஆடிப் பிழைத்தவர்கள் பலர் ரசிகர்களோடு ரசிகர்களாகத்தான் அதைப் படித்தார்கள். லீக்கை இழுத்து மூட ஓர் அறிவிப்பு போதும், பெஞ்சில் இருப்பவரை அவிழ்த்துவிட மட்டும் ஆலோசனைக் குழு, துணைக்குழு, அடுத்த சீசன் பார்க்கலாம். பரிசுப்பணம் எப்போது வரும் என்று கேட்டால்... சரி, அது வேறு மடல். கோபத்தில் எங்கோ போய்விட்டோம்.

வந்த காரியம் ஒன்றுதான். 60 நாள் ஆடவிடாதவரை 61ஆம் நாள் பைஅவுட் இல்லாமல் விடுவிக்கும் விதியை அடுத்த சீசன் விதிப்புத்தகத்தில் சேர்க்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். உடனே எல்லா லீக்கிலும் முடியாதென்றால் இரண்டாம் நிலை லீக்கில் ஒரு சீசன் நடத்திப் பாருங்கள். பெஞ்சில் நீண்ட நாள் கிடப்பவர்கள் அங்கேதான் அதிகம், அணிகள் கூப்பாடு போடுவதும் அங்கே குறைவு. 2023இல் வட அமெரிக்க லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டக்காரர்கள், இரண்டாம் நிலை அணிகளை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியதை எதிர்த்து வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்த பிறகுதான் பேச்சுவார்த்தை நடந்தது, சீசன் தொடக்கம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த அளவுக்கு இதுவும் போக வேண்டாம் என்பதே எங்கள் விருப்பம்.

ஆம் என்றோ இல்லை என்றோ, அடுத்த டிரான்ஸ்ஃபர் காலம் திறப்பதற்குள் ஒரு பதில் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். இன்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதற்குள் 60 நாள் எப்படியும் முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஆட்டக்காரர் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்து அலுத்துப்போன சிலர்